நீலக் கவுனின் உள்தையல்

அந்தத் தெருவில் அவருக்குக் ‘கேள்வி டைலர்’ என்று பெயர். வைத்தவர்கள் ஒன்றும் பாசத்தோடு வைக்கவில்லை. “இடுப்புல ஒரு இஞ்ச் பிடிச்சுத் தாங்க” என்று யாராவது துணியை நீட்டினால், வேறு டைலராக இருந்தால் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார். இவர் துணியைத் தொடவே மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “ஏன் இளைச்சீங்க?” என்று ஆரம்பிப்பார்.

“தினமும் நடக்கிறேன் டைலர்.”

“நடந்து இளைச்சீங்களா, தானா இளைச்சீங்களா? பசிக்குதா? ரெண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கா? சாயங்காலமானா உடம்பு கதகதன்னு இருக்கா?”

பேண்டைப் பிடிக்க வந்தவன் திருதிருவென்று விழிப்பான். கல்யாணத்துக்காகப் பட்டினி கிடந்து எட்டு கிலோ குறைத்த ஒரு பெண் பெருமையாக வந்து நின்றாள். அவளிடமும் “டாக்டரைப் பாத்தியாம்மா?” என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். போனால் போகட்டும் என்று இருக்கிறார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு அவர் கதை தெரியாது. தெரிந்தவர்கள் பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

முப்பது வருடமாக அதே கடை. இரண்டு மெஷின், ஓரம் அடிக்க ஓர் ஓவர்லாக், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, அது முடிகிற இடத்தில் கதவு. புதுத் துணி தைப்பதைவிடப் பழையதைச் சரிசெய்வதில்தான் அவருக்குப் பேர். கிழிந்ததை அவர் தைத்தால் கிழித்தவனுக்கே இடம் தெரியாது. தொழிலில் ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. யார் வந்தாலும் அளவு நோட்டில் ஒரு பக்கம். தேதி, மார்பு, இடுப்பு, நீளம். போன தடவை என்ன, இந்தத் தடவை என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் கத்திரியை எடுக்க மாட்டார். துணிக்கு ஒத்த நிறத்தில் நூல் கிடைக்காவிட்டால், கிடைக்கிறவரை அந்தத் துணி ஆணியில் தொங்கும்.

இந்த ஒழுங்கெல்லாம் ஊராருக்குத்தான். சொந்த மனைவிக்கு அந்த நோட்டில் ஒரு பக்கம் இருந்ததில்லை.

“பொண்டாட்டியை டேப் வெச்சு அளந்தா அவன் என்னய்யா டைலர்?” என்பார். கண்ணாலேயே அளந்துவிடுவாராம். அவள் துணிக்கு நூலும் தேடியதில்லை. அன்றைக்கு மெஷினில் எந்த நூல் ஓடுகிறதோ அதே நூலில் ஓர் ஓட்டு. “உள்ளே யார் பாக்கப்போறாங்க?” என்று கேட்பார். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் ‘சிரிப்பு டீச்சர்’. வீட்டில் அவருக்கு அவள் ‘டீச்சரம்மா’. பள்ளிக்கு உடுத்த நான்கு கவுன்கள் வைத்திருந்தாள். நான்கும் அவர் தைத்தவை. அவற்றில் நீலம்தான் அவளுக்கு உயிர். பக்கத்தில் இரண்டு பை வைத்தது. ஒன்றில் சாக்பீஸ், ஒன்றில் அழுகிற பிள்ளைக்கு மிட்டாய்.

ஒருநாள் பள்ளியிலிருந்து வரும் வழியில் கடைக்குள் நுழைந்து, நீலக் கவுனைக் கொடுத்தாள்.

“ஏங்க, இது கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. பிடிச்சுத் தாங்க.”

அவர் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “அட, டீச்சரம்மாவுக்கு வயசு குறையுது! கல்யாணத்தப்போ இருந்த இடுப்பு திரும்பி வந்துடுச்சே!” என்றார். அவள் முகம் சிவந்துபோனது. பக்கத்து மெஷினில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பக்கமும் கால் அங்குலம் உள்ளே தள்ளி ஓர் ஓட்டு ஓட்டி, நூலைக் கடித்து, “போட்டுக்கிட்டுப் போம்மா, குமரி” என்று கொடுத்தார். பழைய தையலைப் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாளைக்குச் சதை போட்டால் உள்தையலைப் பிரித்தால் போதும் அல்லவா?

அப்படி அந்த வருடத்திலும் அடுத்த வருடத்திலுமாக ஐந்து தடவை பிடித்துக் கொடுத்தார், மற்ற மூன்று கவுன்களையும் சேர்த்து. ஐந்து தடவையும் அதே கேலி. எந்தத் தடவையும் ஏன் என்று கேட்கவில்லை. கேள்விகளெல்லாம் பிறகு வந்தவை. ஊரான் இடுப்பில் அரை அங்குலம் குறைந்தால் நோட்டைப் புரட்டுகிற மனிதர் அவர்.

அவளுக்குச் சாப்பிட்டதும் தொப்புளைச் சுற்றி மந்தமாக ஒரு வலி. பாதித் தட்டிலேயே போதும் என்று எழுந்துவிடுவாள். பசிக்கவில்லை, பள்ளியில் டீ குடித்தேன், பிள்ளைகள் கொடுத்ததைத் தின்றேன் என்று தினம் ஒரு சாக்கு. வலி அதிகமானபோது தெரு முக்கிலிருக்கும் கிளினிக்குக்குத் தனியாகப் போனாள். அங்கே எடை மெஷின் கெட்டுப்போய் மூலையில் கிடந்தது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தார்.

“உடம்பு இளைச்சிருக்கா? துணியெல்லாம் லூசா ஆகுதா?”

“இல்லையே டாக்டர், எல்லாம் கச்சிதமாத்தான் இருக்கு” என்றாள் டீச்சர். கவுனைப் பார்த்தவர் அதை நம்பினார். பொய் என்று சொல்வதற்கும் இல்லை. கவுன் கச்சிதமாகத்தான் இருந்தது. அவர் கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது தீர்ந்ததும் இன்னொரு பட்டை. இப்படியே மாதங்கள் ஓடின.

வீட்டில் தினமும் பார்க்கிற முகம் மாறுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தது மகளுக்குத்தான். வேறு ஊரில் வேலை பார்க்கிற மகள், ஒரு வருடம் கழித்து விடுமுறைக்கு வந்தவள், வாசலில் பையைப் போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

“அப்பா, அம்மா ஏன் எலும்பும் தோலுமா நிக்கிறாங்க?”

“அவ எப்பவும் இப்படித்தானே” என்றார் டைலர். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே நாக்கு குழறியது. மகள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு விரலுக்குள் அடங்கியது. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே வயிற்று டாக்டர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஸ்கேன் எடுத்தபோதுதான் குடலுக்குப் பின்னால் ஏதோ மங்கலாக, புகை படிந்த மாதிரி தெரிந்தது. அதன் நடுவில் ஒரு கட்டி. “என்னன்னு இப்போ சொல்ல முடியாது. புற்றுநோயாவும் இருக்கலாம். ஒரு துண்டு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்” என்றார் டாக்டர். வயிற்றில் சின்னதாக மூன்று துளை போட்டுத் துண்டு எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் டைலர் கடையைத் திறந்தார், மெஷினில் உட்கார்ந்தார். ஒரு துணியும் முடியவில்லை.

பதினோராம் நாள் புற்றுநோய் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டைலர் நடுத்தெருவில் நின்று குழந்தை மாதிரி அழுதார். தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார். டீச்சர் மட்டும், “இருங்க, எது இல்லைன்னுதானே சொன்னாங்க? என்னன்னு இன்னும் சொல்லலையே” என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

என்னவென்று டாக்டர் மறுநாள் சொன்னார். பரிசோதிப்பதற்காக டீச்சருக்கு ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். கழற்றிய நீலக் கவுன் டைலர் மடியில் இருந்தது. மகள் பக்கத்தில் நின்றாள். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார்.

“குடல் வயித்துக்குள்ள சும்மா கிடக்கிறதில்ல. அதை முதுகுப் பக்கமா ஒரு சவ்வு தாங்கிப் பிடிச்சிருக்கு. குடல் இருபதடிக்கு மேல நீளம். ஆனா அந்தச் சவ்வு முதுகுல ஒட்டியிருக்கிற இடம் ஒரு சாண்தான்…”

“ஃப்ரில்” என்றார் டைலர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“இருபதடித் துணியை ஒரு சாண் பட்டியில சுருக்கு வெச்சுத் தைக்கிறது. குழந்தைங்க கவுன்ல வைப்போம் டாக்டர்.”

“அதேதான். அந்த ஃப்ரில்லுக்குள்ள கொழுப்பு இருக்கும். குடலுக்குப் போற ரத்தக் குழாய் எல்லாம் அதுக்குள்ளதான் ஓடுது. இவங்களுக்கு அந்தக் கொழுப்பு அழற்சி ஆகியிருக்கு. ஏன்னு யாருக்கும் தெரியாது. அபூர்வம். இருபது வருஷத்துல நான் பாக்கிற மூணாவது ஆள் இவங்க. நிறையப் பேருக்கு லேசா வந்து தானாவே அடங்கிடும். சிலருக்கு அடங்காம, புண்ணு ஆறித் தழும்பாகிற மாதிரி இறுகிடும். இறுகினா சுருங்கும். சுருங்கினா…”

“துணி இழுத்துக்கும்” என்றார் டைலர். தண்ணீரில் நனைக்காமல் தைத்த துணி, முதல் துவையலில் அடிப்பட்டி சுருங்கி, ஃப்ரில் முழுக்க முறுக்கிக்கொண்டு நிற்பதை அவர் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்! மகளுக்குப் பாதிதான் புரிந்தது. அவருக்கு முழுக்கப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

“வெட்டி எடுத்துட முடியாதா?”

“ரத்தக் குழாயும் சேர்ந்து போயிடும். குடல் செத்துடும். மருந்துதான். எனக்கு ஒண்ணு மட்டும் சரியா தெரியணும்” என்று டாக்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். “இது எப்போ ஆரம்பிச்சுது? புதுசா வந்ததுன்னா ஒரு மருந்து கொடுத்துப் பொறுத்துப் பாப்பேன். ரொம்ப நாளா இருந்து இறுகிக்கிட்டு வருதுன்னா ரெண்டு மருந்தையும் இன்னைக்கே ஆரம்பிக்கணும்.”

“நாலஞ்சு மாசமாத்தான் டாக்டர், வலி.”

“எடை? அதுக்கு முன்னாடி எப்பவாவது பாத்தீங்களா?”

“இல்லை. ஆனா துணியெல்லாம் அளவாத்தான்…”

டைலர் மடியிலிருந்த கவுனைப் பார்த்தார். சொன்னால் தன் வாயால் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்ள வேண்டும், அதுவும் மகளை எதிரில் வைத்துக்கொண்டு. சொல்லாவிட்டால் டாக்டர் ஒரே மருந்தோடு காத்திருப்பார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு கவுனை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, டாக்டர் மேஜையில், அந்தப் படத்தின் மேலேயே விரித்தார்.

பக்கவாட்டில் வரிவரியாக ஆறு தையல்.

“இந்த ஓர நீலம், முதல்ல தைச்சது. அதுக்கு உள்ளே மெரூன். போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்தப்போ யூனிஃபார்ம் தைச்சுக்கிட்டிருந்தேன், மெஷின்ல மெரூன் நூல் இருந்துச்சு. பதினாலு மாசம் ஆச்சு. அடுத்தது காக்கி. வாட்ச்மேன்களோட சட்டை, அது பதினோரு மாசம். வெள்ளை, எட்டு மாசம். கறுப்பு, அஞ்சு. சாம்பல் போன மாசம்.” விரல் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று நகர்ந்தது. “கால் இஞ்ச்தானேன்னு நினைக்காதீங்க டாக்டர். ரெண்டு பக்கம், முன்துணி பின்துணி. ஒரு வரிக்கு ஒரு இஞ்ச். அஞ்சு இஞ்ச் என் பொண்டாட்டி கரைஞ்சிருக்கா. என் கையாலதான் பிடிச்சேன்.”

 டாக்டர் அந்தத் தையல்களை விரலால் தடவிப் பார்த்தார். பதினான்கு மாதம் என்று சீட்டில் எழுதினார். இரண்டு மருந்தும் எழுதினார். மகள் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அன்று முழுக்கப் பார்க்கவில்லை.

மருந்துக்கடையில் சீட்டை வாங்கிப் பார்த்தவன், “இந்த மாத்திரை மார்புப் புத்துநோய்க்குக் கொடுக்கிறதாச்சே. யாருக்கு?” என்று சத்தமாகக் கேட்டுவைத்தான். “இல்லாத வியாதிக்கு மாத்திரை, இருக்கிற வியாதிக்குப் பேரே வாயில நுழையல. நல்ல கூத்துதான் போங்க” என்றாள் டீச்சர். மகள் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். கடை வாசல் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டைலர் அப்போதுதான் கேட்டார்.

“நான்தான் குருடன். நீயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? ஏம்மா சொல்லல?”

அவள் மருந்துப் பையின் வாயை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“நீங்க ஒவ்வொரு தடவை பிடிச்சுக் கொடுக்கும்போதும், கல்யாணத்தப்போ இருந்த இடுப்புன்னு சொல்வீங்க. கேக்க நல்லா இருந்துச்சுங்க. சொன்னா அதை நிறுத்திடுவீங்களேன்னு…”

டைலர் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து மருந்துக்கடைச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். ஆட்டோ வந்து மகள் கூப்பிடும்வரை திரும்பவில்லை.

மருந்து கேட்டது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் வலி குறைந்தது. டீச்சர் தட்டைக் காலி செய்தாள், இன்னும் கொஞ்சம் வைங்க என்றாள். இரண்டு மருந்தில் ஒன்றான ஸ்டீராய்டால் முகம் உப்பி வட்டமாகிவிட்டது. பிள்ளைகள் அவளைப் பார்க்க வந்து, “டீச்சர், பலூன் மாதிரி இருக்கீங்க” என்றார்கள். அவள் கன்னத்தை இன்னும் ஊதிக் காட்டினாள். ஒருநாள் நீலக் கவுனைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்கே வந்தாள்.

“ஏங்க, இறுக்குது. பிரிச்சு விடுங்க.”

முப்பது வருடத் தொழிலில் அந்த மாதிரி சந்தோஷமான ஒரு ஆர்டர் அவருக்கு வந்ததில்லை. சாம்பல் நூலை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். அவசரமே படவில்லை. பட்டன்காரப் பெண் அன்றும் சிரித்தாள். ஐந்து வாரம் கழித்துக் கறுப்பு நூலையும் பிரித்தார். இன்னும் மூன்று வரிதான் பாக்கி என்று மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவரோடு ஓரிரு வார்த்தையில் முடித்துக்கொண்ட மகள் அன்றைக்குத்தான், “நீங்க சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டாள்.

வெள்ளை நூலைப் பிரிக்கிற நாள் வரவில்லை. ஸ்டீராய்டைக் காலம் முழுக்கக் கொடுக்க முடியாது என்று டாக்டர் மெல்ல மெல்லக் குறைத்தார். குறைத்த மூன்றாவது வாரம், வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜையில் சாய்ந்தாள். குடல் அடைத்துவிட்டது. மருந்தைக் கூட்டியும் திறக்கவில்லை. வயிற்றைத் திறந்த சர்ஜன், உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக இறுகியிருக்கிறது, கத்தி வைக்க இடமில்லை, சுற்றிப் போக ஒரு மாற்றுவழி மட்டும் செய்திருக்கிறேன் என்றார். ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் காலை, சூரியன் நன்றாக ஏறிய பிறகு, மகள் ஈரத்துணியால் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. அப்படியே நின்றுவிட்டது.

டைலர் வயிற்று டாக்டரின் அறைக்குப் போனார். உட்காரவில்லை.

“முதல் வரி பிடிச்சப்பவே கூட்டிக்கிட்டு வந்திருந்தா?”

டாக்டர் அவரை ஏமாற்றவில்லை. “தெரியாது. வீக்கமா இருக்கும்போது மருந்து கேக்கும். தழும்பாயிட்டா கேக்காது. வாய்ப்பு கூட இருந்திருக்கும். பிழைச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. பிழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அன்னைக்கு நீங்க கவுனைக் காட்டலைன்னா இந்த ஆறு மாசமும் கிடைச்சிருக்காது” என்றும் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று டைலர் கேட்கவில்லை. வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன!

உடுத்திவிடத் துணி கொண்டு வரச் சொன்னார்கள். மகள் வீட்டுக்குப் போய் நீலக் கவுனை எடுத்துவந்தாள். டைலர் கையை நீட்டி வாங்கினார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் தையல் பிரிக்கிற ஊசியை எடுத்தார். வராண்டா பெஞ்சில், நோயாளிகளும் அவர்களுடைய ஆட்களும் போவதும் வருவதுமாக இருக்க, வெள்ளையைப் பிரித்தார். காக்கியைப் பிரித்தார். மெரூனைப் பிரிக்கும்போது கண்ணீர் மறைத்து நூல் தெரியவில்லை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊசியை வாங்கி, மீதியைப் பிரித்துக் கொடுத்தாள். கடைசியில், அவர் முதன்முதலில் தைத்த நீல வரி மட்டும் நின்றது.

உடுத்தியபோது கவுன் இரண்டு பக்கமும் மடிந்து மடிந்து கிடந்தது. தோள் நழுவியது. பார்க்க வந்த டீச்சரின் அக்கா தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

“என்னங்க இது, டைலர் பொண்டாட்டியை இப்படித் தொளதொளன்னா அனுப்புறது? முதுகுப் பக்கம் ரெண்டு ஊசியாவது குத்துங்க. நாலு பேர் பாப்பாங்க.”

“பாக்கட்டும்” என்றார் டைலர். நழுவிய தோளை மட்டும் ஏற்றிவிட்டார். “இதுதான் அவ அளவு.”

ஊசி குத்த அவர் யாரையும் விடவில்லை.